41 நாள் விட்டேன், ஆறு தடவை

கோத்தகிரி பக்கம் பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறேன். சின்னத் தோட்டக்காரர்கள் பறித்து வைத்திருக்கும் இலையை ஊர் ஊராகப் போய் எடை போட்டு, சாக்கு சாக்காக ஏற்றி, பேக்டரியில் இறக்குவதுதான் வேலை. 1997-ல், 19 வயதில் சிகரெட் குடிக்க ஆரம்பித்தேன். 2019 பிப்ரவரியில் விட்டேன். இடையில் 22 வருடம். இரண்டு வாரத்துக்கு முன்னால் வண்டியில் கூட வரும் தம்பி, பாரத்துக்குக் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டே, "அண்ணே, நீங்க எப்படிண்ணே விட்டீங்க? எனக்கு ரெண்டு நாளைக்கு மேல தாங்க மாட்டேங்குது" என்று கேட்டான். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. மனசு வை, முடியும் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு இருபது வருடமாக எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், ஒரு நாள்கூட உதவவில்லை. அவனுக்குச் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. எனக்கு விட முடியாமல் இல்லை. ஆறு வருடம் சபரிமலைக்கு மாலை போட்டேன். கார்த்திகை முதல் தேதி மாரியம்மன் கோயிலில் மாலை ஏறினால் அன்றைக்கு விடியற்காலையிலிருந்து சிகரெட் கிடையாது. நவம்பர் குளிரில், பல் கிட்டித்துக்கொள்ள, பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வேலைக்குப் போவேன். முதல் மூன்று நாலு நாள் தலைவலி இருக்கும், தூக்கம் பிடிக்காது, அப்புறம் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் நின்று ஒருத்தன் ஊதினாலும் எனக்கு ஆசை வராது. 41 நாள், ஒரு இழுப்புக்கூட இல்லாமல். ஆறு வருடமும் அப்படித்தான்.

மலைக்குப் போய்த் திரும்பி, மாலையைக் கழற்றி, வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடைக்குப் போனதை நான் மறக்கவில்லை, அது முதல் வருடம். கடைத் தூணில் ஒரு சணல் கயிற்றில் லைட்டர் தொங்கும். டீ கிளாஸ் இடது கைக்கு வந்தது. வலது கை தானாகப் போய் அந்த லைட்டரைப் பிடித்துவிட்டது. சிகரெட் இன்னும் வாங்கவே இல்லை. கையைப் பார்த்துவிட்டு, சரி, ஒன்றே ஒன்று என்று வாங்கினேன். முதல் இழுப்பில் தலை கிறுகிறுத்தது, வாய் கசந்தது, பிடிக்கவே இல்லை. இரண்டாவது நாள் மூன்று. ஒரு வாரத்தில் பழைய கணக்குக்கு வந்துவிட்டேன், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு.

அடுத்த ஐந்து வருடமும் இதேதான் நடந்தது, கடையும் தூணும்கூட அதேதான். இதைத்தான் நான் பல வருடம் யோசித்தேன். 41 நாள் கழித்து உடம்பில் நிகோடின் ஒரு துளிகூட இருக்காது. இரத்தத்தில் இருக்கும் நிகோடின் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறைந்துகொண்டே போகும், அதனால் இரண்டு மூன்று நாளிலேயே அது முடிந்த கதை. உடம்பு கேட்கவில்லை என்றால் கேட்டது யார்?

என் சித்தப்பா அருவங்காடு கார்டைட் பேக்டரியில் வேலை பார்த்தவர். வெடிமருந்து செய்யும் இடம். தீப்பெட்டி, பீடி எதுவும் கேட்டைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. சித்தப்பா வீட்டில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு பீடி. லீவு நாளில் அவர் உட்காரும் திண்ணையைச் சுற்றி பீடித் துண்டாகக் கிடக்கும். ஆனால் ஷிப்டில் எட்டு மணி நேரம் அவருக்குப் பீடி ஞாபகமே வராது என்பார். "உள்ள இருக்கிற வரைக்கும் ஒண்ணும் இல்லடா. சங்கு ஊதினதும் கேட்டுக்கு நடக்கிறேன் பாரு, அந்த நடையிலதான் வாயில எச்சி ஊறும்" என்று சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் கேட்டுச் சிரித்தேன். மாலை போட்ட அனுபவத்துக்கு அப்புறம்தான் அதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று புரிந்தது. இதையே இஸ்ரேலில் விமானப் பணியாளர்களை வைத்து ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டிருக்கிறார்கள். விமானத்தில் புகைக்க முடியாது. சின்னப் பயணமோ பெரிய பயணமோ, சிகரெட் குடித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைவிட, தரையிறங்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அவர்களுக்கு ஆசை ஏறியிருக்கிறது. சித்தப்பாவின் அந்தக் கேட் நடைதான் இது.

அதாவது, கிடைக்காது என்று மனசு முடிவு செய்துவிட்டால் ஆசை படுத்துவிடுகிறது. கிடைக்கும் என்றால் எழுந்துகொள்கிறது. மாலை போட்டிருந்தபோது எனக்கு இருந்த பலம் அதுதான், அதிலேயே ஓட்டையும் இருந்தது, ஏனென்றால் அதற்கு முடியும் தேதி ஒன்று உண்டு. 41-ம் நாள் எனக்குச் சங்கு ஊதிவிடும்.

இதற்காக உடம்புக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. இழுத்த புகை நுரையீரல் வழியாக மூளைக்குப் போக 10 முதல் 20 விநாடி போதும். ஊசி போட்டால்கூட அவ்வளவு வேகமாகப் போகாது. போனதும் டோபமைன் என்ற சுரப்பு வருகிறது, மூளை அதை நல்லது என்று குறித்து வைத்துக்கொள்கிறது. ஒரு சிகரெட்டுக்குப் பத்து இழுப்பு என்று வையுங்கள். பன்னிரண்டு சிகரெட்டுக்கு நாளைக்கு 120. வருடத்துக்கு 43,800. என் 22 வருடத்துக்குக் கணக்குப் போட்டால் ஒன்பதரை லட்சத்துக்கும் மேலே வருகிறது. ஒன்பதரை லட்சம் தடவை, ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு இடத்தில் நின்றுகொண்டு, ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டு, யாரோ ஒருத்தரோடு பேசிக்கொண்டு. மூளை அந்த இடத்தையும் அந்த ஆளையும் சேர்த்தே பாடம் பண்ணி வைத்திருக்கிறது. ஒரு வேலையை ஒன்பதரை லட்சம் தடவை செய்த கைக்கு, அதை மறக்கச் சொல்லி ஒரு சத்தியத்தில் புரிய வைத்துவிட முடியுமா?

நிகோடினைப் பிடித்துக்கொள்ளும் வாய்கள் மூளையில் உண்டு. தொடர்ந்து குடிக்கக் குடிக்க அவை எண்ணிக்கையில் பெருகிவிடும். ராத்திரி தூங்கும்போது நிகோடின் இறங்கிப் போவதால் காலையில் அத்தனை வாயும் காலியாக இருக்கும், அதனால்தான் எழுந்ததும் முதல் சிகரெட் அவ்வளவு சுகமாகத் தெரிகிறது. டென்ஷன் குறைகிறது என்று நாம் சொல்வதும் இதுதான். முந்தின சிகரெட் தீர்ந்ததால் வந்த பதற்றத்தை அடுத்த சிகரெட் ஆற்றுகிறது, அவ்வளவே. விட்ட சில வாரத்தில் மனசு முன்னைவிட நிதானமாகிவிடுகிறது, பலரை வைத்துப் பார்த்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. ஆனால் அந்தச் சில வாரத்தைத் தாண்டுவதற்குள் நமக்கு உயிர் போய்விடுகிறது.

என் அப்பாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தாத்தா பாட்டி இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில். அப்பா டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். பீடி குடிப்பார், அம்மா வெற்றிலையோடு புகையிலை போடுவாள். மழைக்காலத்தில் இலை பறிக்கிற பெண்கள் அட்டை ஏறாமல் இருக்கக் காலில்கூடப் புகையிலை தேய்ப்பார்கள், அதனால் எங்கள் வீட்டில் அது அரிசி பருப்பு மாதிரி ஒரு சாமான். அப்பாவுக்கு நுரையீரல் கெட்டு, கடைசி இரண்டு மாதம் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தார். பீடி குடிக்க முடியாது. அப்போதும் தலையணைக்கு அடியிலிருந்து பற்ற வைக்காத பீடி ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பார், அது நைந்து நூல் அவிழ்ந்து தூளாகிற வரைக்கும். தூளாகிவிட்டால் அம்மாவைப் பார்ப்பார். அம்மா இன்னொன்று எடுத்துக் கொடுப்பாள். அவருக்கு அப்போது வேண்டியிருந்தது நிகோடின் இல்லை, விரலுக்கு நடுவில் ஏதாவது இருக்க வேண்டும். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்துவிட்டு வராந்தாவைத் தாண்டிப் போய்ச் சிகரெட் குடித்தேன். அழுதுகொண்டே குடித்தேன். பயம் காட்டினால் விட்டுவிடுவான் என்று சொல்பவர்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது இது மட்டும்தான். பயம் வந்தால் சிகரெட் குடிப்பவன் முதலில் தேடுவது சிகரெட்டைத்தான்.

மலையில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு சாக்கு உண்டு, குளிர். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் புல்லெல்லாம் உறைபனி, எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை என்றாலும் விடியற்காலை ஸ்டியரிங்கைத் தொட முடியாது. ஒரு தம் போட்டால் சூடாக இருக்கும் என்று நானும் நம்பினேன். நிஜத்தில் நடப்பது தலைகீழ். நிகோடின் கை கால் தோலுக்குப் போகும் இரத்தக் குழாயைச் சுருக்குகிறது, விரல் இன்னும் ஜில்லிட்டுப் போகிறது. விட்ட அடுத்த குளிர்காலத்தில் நானே இதைக் கவனித்தேன், கயிறு முடிச்சுப் போடும்போது விரல் முன்னைப்போல மரத்துப் போகவில்லை. இன்னொன்று, கோத்தகிரி ஏறத்தாழ 1800 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, மூச்சுக்கு மூச்சு ஆக்சிஜனும் அந்த அளவு குறைவு. அதற்கு மேல் சிகரெட் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். 30 கிலோ சாக்கைத் தோளில் வைத்து மேடு ஏறும்போது எனக்கு வாங்கிய மூச்சு வயதால் வந்தது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாயு உடம்பை விட்டுப் போக ஓரிரண்டு நாள் போதும்.

சரி, எப்படி விட்டேன் என்பதற்கு வருகிறேன்.

நான் எப்போதும் சில்லறையாக ஒன்று இரண்டு என்று வாங்குகிறவன். நம்மில் பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான் என்று நினைக்கிறேன். முழுப் பாக்கெட் வாங்கினால் காசு போவது கண்ணுக்குத் தெரியும், பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்குப் போட்டிருக்கும் படமும் தெரியும். சில்லறையை நீட்டி ஒன்றை வாங்குகிறவனுக்கு இரண்டும் தெரியாது. 2018-லிருந்து பாக்கெட்டில் ஒரு இலவச போன் எண்ணும் அச்சடிக்கிறார்கள், 1800-11-2356. நான் அதைப் பார்த்தது 2019 ஜனவரியில்தான், மழைக்கு ஒதுங்கிய ஒரு பெட்டிக்கடையில், தீர்ந்துபோன பாக்கெட் அட்டையைக் கிழித்துக் கடைக்காரர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது. அந்த அட்டையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

போன் பண்ணினால் அறிவுரை சொல்வார்கள் என்று நினைத்தேன். எடுத்தவர் தமிழில் பேசினார், ஒரு அம்மா. முதலில் கேட்டது, "காலையில எந்திரிச்சு எத்தனை நிமிஷத்துல முதல் சிகரெட் குடிக்கிறீங்க?" அஞ்சு நிமிஷம் என்றேன். அரை மணி நேரத்துக்குள் குடித்தால் உடம்பு ரொம்பப் பழகியிருக்கிறது என்று அர்த்தமாம், எண்ணிக்கையைவிட இந்தக் கேள்விதான் முக்கியமாம். இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதி குறிக்கச் சொன்னார். அதற்கு முன்னால் ஒரு வாரம், குடிக்கிற ஒவ்வொன்றையும் எழுதி வைக்கச் சொன்னார். குறைக்க வேண்டாம், எழுதினால் போதும் என்றார். அவர்களே திரும்பக் கூப்பிடுவதாகவும் சொன்னார், கூப்பிட்டார்கள்.

என்னிடம் இலை எடை எழுதும் நோட்டு உண்டு. அதன் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். 5:10 வாசல். 5:40 டீக்கடை. 7:15 முதல் கொட்டகை, எடை போடுவதற்கு முன்னால். 8:50 இறக்கத்தில் அந்த வளைவு. 10:20 பேக்டரி வாசலில் வரிசை. 10:45 வரிசை, மறுபடியும். இப்படி. பக்கத்தில் எவ்வளவு வேண்டியிருந்தது என்று ஒன்று, இரண்டு, மூன்று மதிப்பெண். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று என்று நான் போட்டது ஒரு நாளைக்கு மூன்றே மூன்று. மீதி ஒன்பது சிகரெட் எனக்கு வேண்டியே இருக்கவில்லை, அந்த இடத்துக்கு வேண்டியிருந்தது. அந்த நோட்டைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது: நான் விட வேண்டியது ஒரு சிகரெட் பழக்கம் இல்லை. வாசல் சிகரெட், டீக்கடை சிகரெட், வளைவுச் சிகரெட், வரிசைச் சிகரெட் என்று பத்துப் பன்னிரண்டு பழக்கம். ஒவ்வொன்றையும் அந்தந்த இடத்தில் தனித்தனியாகத்தான் விட முடியும். மாலை போட்டிருந்தபோது நான் எதையும் விடவில்லை, எல்லாவற்றையும் 41 நாள் பூட்டி வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

தேதி பிப்ரவரியில் குறித்தேன். அந்த மாதம் இலை வரத்துக் குறைவு, வரிசை சின்னதாக இருக்கும், தூங்க நேரம் கிடைக்கும். மனசு வந்த நாளில் விடுகிறேன் என்று ஆரம்பித்து நான் மூன்று தடவை தோற்றிருக்கிறேன், அதனால் இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: வேலை லேசாக இருக்கும் காலமாகப் பார்த்துக் குறியுங்கள்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா நிகோடின் சூயிங்கம் எழுதிக் கொடுத்தார், எழுந்ததும் குடிக்கிறவன் என்பதால் 4 மில்லிகிராம். எழுந்து அரை மணி நேரம் கழித்துக் குடிப்பவர்களுக்கு 2 மில்லிகிராம். பலபேர் இதை வாங்கி மிட்டாய் மாதிரி மென்று, விக்கல் எடுத்து, நெஞ்சு எரிந்து, இது ஆகாது என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மெல்லும் முறையே வேறு. மெதுவாக நாலைந்து கடி, நாக்கில் காரம் மாதிரி சுரீர் என்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்துவிட வேண்டும். சுரீர் போனதும் மறுபடி இரண்டு கடி, இடம் மாற்றி ஒதுக்கல். அரை மணி நேரம் வரும். அதற்கு முன்னால் கால் மணி நேரம் டீ, காப்பி குடிக்கக் கூடாது, குடித்தால் மருந்து சரியாக உள்ளே போகாது. மருந்து என்ன செய்யும் என்றால், காலியான வாய்களுக்குக் கொஞ்சம் கஞ்சி ஊற்றும். சிகரெட் மாதிரி பத்து விநாடியில் ஏறாது என்பதால் அந்தச் சுகமும் வராது, அதுதான் நமக்கு வேண்டும். துணை எதுவும் இல்லாமல் தானாக விடுகிறவர்களில் ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டி நிற்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான். பெரும்பாலானவர்கள் முதல் எட்டு நாளிலேயே திரும்பிவிடுகிறார்கள். சூயிங்கம், ஒட்டும் பட்டை மாதிரி நிகோடின் மருந்துகள் அந்த வாய்ப்பை ஒன்றரை மடங்காக்குகின்றன. மருந்து எடுத்து விடுவதை ஆம்பளைத்தனம் இல்லை என்று நினைக்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களில் ஒருத்தர்கூட இன்னும் விடவில்லை.

வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். பத்து நாளைக்கு நான் காரணமில்லாமல் கத்துவேன், அது நான் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று. சொன்னது நல்லதாகப் போயிற்று, மூன்றாம் நாள் ராத்திரி குழம்பில் உப்பு என்று ஆரம்பித்துத் தட்டைத் தள்ளிவிட்டேன். என் வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசாமல் தட்டை எடுத்து வைத்துவிட்டு, "இது மூணாம் நாள், போன்ல சொன்னாங்கல்ல, இன்னிக்குத்தான் உச்சம். போய் மூஞ்சியக் கழுவிட்டு வாங்க" என்றாள். இரண்டாவது மூன்றாவது நாள் உச்சம், அப்புறம் இறங்கும், மூன்று நாலு வாரத்தில் அடங்கும். இது தெரிந்திருப்பது பெரிய தைரியம். தெரியாவிட்டால், இனிமேல் வாழ்க்கை முழுக்க இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போய்விடுவோம். இருமல் கூடும், மலச்சிக்கல் வரும், வாய்ப்புண் வரும். எனக்கு மூன்றும் வந்தது, மூன்றும் போனது. எடை கூடும், ஒரு வருடத்தில் சராசரியாக நாலைந்து கிலோ என்கிறார்கள், எனக்கு ஆறு.

டீ விஷயத்தை யாரும் சொல்லித் தருவதில்லை, தேயிலை ஊர்க்காரன் என்பதால் நான் சொல்கிறேன். சிகரெட் புகை கல்லீரலை முடுக்கிவிட்டு டீயில் இருக்கும் காபீனை வேகமாகக் கரைத்துத் தள்ள வைக்கும். சிகரெட்டை நிறுத்தினால் அந்த வேகம் போய்விடும், அதே ஒரு கிளாஸ் டீ உடம்பில் ரொம்ப நேரம் நிற்கும். நான் நாளைக்கு எட்டு டீ குடிக்கிறவன். விட்ட முதல் வாரம் நெஞ்சு படபடவென்று அடித்தது, ராத்திரி இரண்டு மணி வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன், எல்லாம் சிகரெட் இல்லாததால் என்று நினைத்தேன். போனில் பேசிய அம்மாதான் டீயைப் பாதியாக்கச் சொன்னார். நாலாக்கினேன், மூன்று நாளில் தூக்கம் வந்தது. இது தெரியாமல் எத்தனை பேர் தூக்கம் கெட்டு மறுபடி சிகரெட்டுக்குப் போனார்களோ.

இடங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டேன். வாசலில் எழுந்ததும் நிற்பதை நிறுத்தி, பின்பக்கம் போய் வெந்நீர் அடுப்பு பற்ற வைக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கைக்கு நெருப்பும் கிடைத்தது. டீக்கடையை விடவில்லை, நண்பர்கள் அங்கேதான். தூணுக்குப் பக்கத்தில் நிற்காமல் உள்ளே பாய்லர் பக்கத்து பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன், டீயோடு ஒரு வர்க்கி, இரண்டு கையும் நிறைந்துவிடும். பேக்டரி வாசல் வரிசைதான் பெரிய சோதனை. பேக்டரிக்குள்ளே யாரும் புகைக்க முடியாது, தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும், ஒருத்தன் ஊதினால் சரக்கே போச்சு. அதனால் எல்லோரும் வாசலில் சேர்ந்து நின்றுதான் ஊதுவார்கள். நான் வண்டியை வரிசையில் போட்டதும் உள்ளே போய், இலை வாட வைக்கும் தட்டு ஓரமாக நின்றுகொள்வேன். சித்தப்பா சொன்ன அதே வித்தை, முடியாத இடத்தில் போய் நின்றால் ஆசை படுத்துவிடும். இறக்கத்தில் அந்த வளைவு இருக்கிறதே, அங்கே வண்டியை ஓரம் கட்டினால் கீழே பள்ளத்தாக்கு முழுக்க மூட்டம், மேட்டுப்பாளையம் பக்கம் வெயில், நின்றால் ஒன்று பற்ற வைக்காமல் இருக்கவே முடியாது. மூன்று மாதம் அங்கே நிறுத்தவே இல்லை. நாலாவது மாதம் என் பொண்ணைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன், அவள் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். இப்போது அங்கே நின்றால் எனக்கு ஆரஞ்சுத் தோல் வாசனைதான் வருகிறது. வண்டியைச் சுத்தமாகக் கழுவி, சீட் கவர் மாற்றி, ஜெர்கினை இரண்டு தடவை துவைத்தது தனிக் கதை. பொண்ணுக்கு அப்போது ஒன்பது வயது. துவைத்த ஜெர்கினை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது அப்பா வாசனை இல்ல" என்று தள்ளி வைத்தாள். ராத்திரி ரொம்ப நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆசை வந்தால் ஐந்து நிமிடம். கடிகாரத்தைப் பார்த்தால் தெரியும், குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அது ஐந்து பத்து நிமிடத்தில் போய்விடுகிறது. கயிறு, தார்ப்பாய், டயர் காற்று என்று எதையாவது பார்க்கப் போய்விடுவேன். நண்பர்கள் ஒன்று நீட்டினால் முதலில் "விடலாம்னு பாக்கறேன் மாப்ள" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது தப்பு. பார்க்கிறேன் என்றால் அவர்களும் நாளைக்குப் பார்க்கலாம் என்பார்கள். "நான் குடிக்கறதில்ல" என்று சொல்ல ஆரம்பித்தேன், இரண்டு வாரத்தில் நீட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

ஐந்தாவது மாதம் ஒரு தடவை தவறினேன். அருகிலுள்ள ஊரில் துக்க வீடு, கூடப் படித்தவன், மாரடைப்பு. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பீடிக் கட்டும் சிகரெட்டும் வைத்திருந்தார்கள். எடுத்தது எனக்கே தெரியாது, பாதி போன பிறகுதான் கையைப் பார்த்தேன். துக்க வீட்டுச் சிகரெட்டை நான் நோட்டில் எழுதியிருக்கவில்லை, அந்த வாரத்தில் சாவு விழவில்லை. அணைத்துவிட்டு வெளியே வந்து வீட்டுக்காரிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "சரி, இன்னொண்ணு வாங்காம வீட்டுக்கு வாங்க" என்றாள். முன்னெல்லாம் ஒன்று குடித்துவிட்டால், போச்சு, இனி எதற்கு என்று விட்டுவிடுவேன். அந்த "போச்சு" என்ற நினைப்புத்தான் ஆளைக் கவிழ்க்கிறது, அந்த ஒரு சிகரெட் இல்லை. வீட்டுக்குப் போய் நோட்டில் அதையும் எழுதினேன், பக்கத்தில் மூன்று போட்டேன். அடுத்த துக்கத்துக்குப் போனபோது ஜெர்கின் பையில் சூயிங்கம் இருந்தது, பந்தலில் தாம்பாளத்துக்கு எதிர் மூலையில் உட்கார்ந்தேன்.

தம்பிக்குப் பத்து நாள் முன்னால் ஒரு சின்ன நோட்டு வாங்கிக் கொடுத்தேன். எழுதிக்கொண்டு வந்தான். அவனுக்கு டீக்கடை ஒன்றுமே இல்லையாம், போனில் பேசும்போதுதான் எல்லாம், பதினொன்றில் ஏழு. எனக்குத் தெரிந்த வழி அவனுக்கு ஆகாது, அவன் போனை வேறு எங்கே, எப்படி நின்று பேசுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். நேற்று நிறுத்தினான். நாளைக்கு மூன்றாம் நாள். காலையில் நாலு ஊர் இலை எடுக்க வேண்டும், பாரம் அதிகம், அன்றைக்கு அவன் என்ன பேசினாலும் நான் பதில் பேசுவதாக இல்லை. இரண்டு ஆரஞ்சு வாங்கி டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன்.